இலங்கையில் ஆறு பேர், ஒரு வேன், ஒன்பது நாள்: நாங்களே ஓட்டலாமா?

கேட்பவர்: ஆறுபேர்வண்டி

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் நண்பர்கள் ஆறு பேர் இலங்கை போறோம். மொத்தம் ஒன்பது நாள். சனிக்கிழமை விடிகாலை கட்டுநாயக்கல இறங்கறோம், திரும்பற விமானம் ஒன்பதாம் நாள் நள்ளிரவு. டிரைவர் வேண்டாம், நாங்களே ஓட்டறதா முடிவு. மூணு பேர் ஓட்டுவோம். மூணு பேர்கிட்டயும் எல்எம்வி (இலகு வாகன) லைசென்ஸ் இருக்கு, சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டும் வாங்கியாச்சு. வாடகைக்கு 14 சீட் டொயோட்டா கேடிஎச் வேன் பார்த்து வெச்சிருக்கோம், பெட்டி வைக்க இடம் தாராளமா இருக்கும்னு.

ரூட் இப்படி: முதல் நாளே நேரா யாழ்ப்பாணம், அங்கே ரெண்டு நாள், அப்புறம் திருகோணமலை, சீகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, கடைசியா தெற்குக் கடற்கரை வழியா விமான நிலையம். மேப் போட்டுப் பார்த்தா ஒரு நாளைக்கு சராசரி 150 கி.மீ. தான் வருது. அது சுலபம்தானே?

தெரிஞ்சுக்க வேண்டியது: இந்த வண்டி சரியா, பேப்பர் ஏதாவது விட்டுப்போச்சா, மலை இறக்கத்துல எதைக் கவனிக்கணும், ஆகஸ்ட்ல மழை எப்படி. விவரமா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

பதில் 1: ஏ9 வாசி

வணக்கம் நண்பரே. முதலில் வண்டி. அந்த 14 இருக்கை வேனை விட்டுவிடுங்கள். உங்கள் சர்வதேச பெர்மிட் 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி அச்சடித்தது. உள்ளே வகுப்புகள் எழுதியிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். பி வகுப்பு என்றால் சாரதி இருக்கை போக எட்டு இருக்கை வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் டி வகுப்பு முத்திரை வேண்டும். வண்டியில் ஆறு பேர்தான் இருக்கிறோம் என்பது எடுபடாது, வாகனப் பதிவில் எத்தனை இருக்கை என்றுதான் பார்ப்பார்கள். பொலிஸ் மறித்தால் பிரச்சினை ஒரு பக்கம். அதைவிடப் பெரிது, விபத்து நடந்தால் தகுதியில்லாத அனுமதியோடு ஓட்டியதாகச் சொல்லி இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். ஏழு, எட்டு இருக்கை உள்ள நோவா, வொக்ஸி மாதிரி வாகனம் எடுங்கள். ஆறு பேருக்கும் ஆளுக்கொன்றாக 15 கிலோ பைகளுக்கும் அது போதும். பெரிய பயணப்பெட்டியாகக் கொண்டு வராமல் மடங்கும் துணிப்பையாகக் கொண்டு வாருங்கள்.

இரண்டாவது, பெர்மிட் மட்டும் கையில் இருந்தால் இலங்கையில் ஓட்ட முடியாது. கொழும்பு 3இல் இருக்கும் இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் அதற்கு அங்கீகார முத்திரை வாங்க வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதி வேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அந்த அனுமதிக்கு ஒரு கவுண்டர் திறந்தார்கள், இலகு வாகனங்களுக்கு மட்டும். நீங்கள் வந்திறங்குவது சனிக்கிழமை என்பதால் இதை முன்கூட்டியே முடிவு செய்யாமல் ஏறாதீர்கள். வாடகை நிறுவனங்கள் பல, பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும் நகல் அனுப்பினால் முத்திரையை முன்பே எடுத்து வைத்துத் தரும். ஓட்டப்போகும் மூவருக்கும் தனித்தனியாக வேண்டும், வாடகை ஒப்பந்தத்திலும் மூவர் பெயரும் ஏற வேண்டும்.

இனி உங்கள் 150 கி.மீ. கணக்கு. நீங்கள் சொல்லும் சுற்று ஏறக்குறைய 1,300 கி.மீ. வரும், ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 1,400. தூரத்தை நாட்களால் வகுக்காதீர்கள், பகல் நேரத்தால் வகுத்துப் பாருங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள நாட்டில் எந்த மாதமானாலும் பகல் 12 மணி நேரத்தைச் சுற்றித்தான். ஆகஸ்டில் காலை 6 மணியளவில் விடிந்து மாலை ஆறரைக்குள் சூரியன் இறங்கிவிடும், மம்மல் பொழுது (அந்தி வெளிச்சம்) அரை மணிகூட நிற்காது. மலையில் மூடுபனி பிற்பகலில் இறங்கும். யானை ஐந்து மணிக்குப் பிறகு வீதிக்கு வரும். ஆகவே காலை 6 மணிக்குப் புறப்பட்டு 3, மிஞ்சினால் 4 மணிக்குள் தங்குமிடத்துக்குள் போய்விட வேண்டும். சாப்பாடு, தேநீர், படம் எடுப்பது எல்லாம் கழித்தால் ஓட்டுவதற்கு ஆறு மணி நேரம் மிஞ்சும். சமதரையில் மணிக்குச் சராசரி 45 கி.மீ., மலையில் 25 முதல் 30 என்று போடுங்கள். நகரத்துக்குள் வேக வரம்பு 50, வெளியே 70. முச்சக்கர வண்டியும் நாயும் மாடும் சைக்கிளும் உள்ள வீதியில் அந்த வரம்பையே நீங்கள் தொட மாட்டீர்கள்.

இந்தக் கணக்கில் உங்கள் முதல் நாள் அடிபட்டுப்போகிறது. இரவு முழுக்கத் தூங்காமல் வந்திறங்கி 360 கி.மீ. ஓட்டுவது கூடாது. இப்படி மாற்றுங்கள்: முதல் நாள் புத்தளம் வழியாக அநுராதபுரம், சுமார் 4 முதல் 5 மணி நேரம். இரண்டாம் நாள் வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம். அந்த ஏ9 நெடுஞ்சாலை நல்ல வழுவழுப்பான தார் வீதி, நேரான பாதை. கண் சொக்குகிற பாதையும் அதுதான், ஒன்றரை மணிக்கு ஒருதரம் ஆளை மாற்றுங்கள். மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்திலேயே. நான்காம் நாள் திரும்ப வவுனியா வந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை, சுமார் 235 கி.மீ. ஐந்தாம் நாள் ஹபரணை, சீகிரியா. ஆறாம் நாள் விடிகாலை கிளம்பி கண்டியைக் காலை 10 மணிக்குள் கடந்து நுவரெலியா. ஏழாம் நாள் எல்ல. எட்டாம் நாள் வெல்லவாய, தனமல்வில வழியாகத் திஸ்ஸமஹாராம. ஒன்பதாம் நாள் அதிவேக வீதி.

கண்டியில் எசல பெரஹெரா என்ற ஊர்வலத் திருவிழா நிக்கினி போயா என்ற பௌர்ணமி தினத்தை ஒட்டி முடியும், பெரும்பாலும் அது ஆகஸ்டில்தான். அந்த நாட்களில் பிற்பகலில் இருந்தே நகர வீதிகளை மூடத் தொடங்குவார்கள், அறையும் கிடைக்காது. நல்லூர்த் திருவிழாவும் அதே காலம், 25 நாள். கோயிலைச் சுற்றிய வீதிகளுக்குள் வாகனம் விட மாட்டார்கள், தங்குமிடத்தைச் சற்றுத் தள்ளி எடுங்கள். இரண்டின் திகதிகளையும் பார்த்துவிட்டு அறை போடுங்கள்.

இன்னொன்று, வாடகை ஒப்பந்தத்தில் நாளொன்றுக்கு 100 கி.மீ. என்று வரம்பு இருக்கிறதா பாருங்கள். ஒன்பது நாளுக்கு 900 என்றால் 500 கி.மீ. மேலதிகமாகப் போகும், கடைசி நாள் கணக்குத் தீர்க்கையில் அது கனக்கும். முன்கூட்டியே பேசி முழுப் பயணத்துக்கும் ஒரு தொகை கேளுங்கள்.

பதில் 2: ஸ்பானர்

வண்டியைக் கையில் வாங்கும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்க. கீறல், நசுங்கல் எல்லாம் வீடியோ எடுப்பீங்க, அது சரி. அதோட இதையும் பாருங்க.

டயர்ல நாலு இலக்க எண் ஒரு ஓவல் கட்டத்துக்குள்ள இருக்கும். முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். 3521-னா 2021-ஓட 35-வது வாரம். ஆறு வருஷம் தாண்டின டயர்னா மாத்திக் கேளுங்க, வெயில்ல ரப்பர் வெடிச்சுப்போயிருக்கும். டயர் பட்டன் (மேல இருக்கற பள்ளம்) ஆழம் 3 மி.மீ.க்குக் குறைஞ்சா ஈர ரோட்டுல தண்ணியை வெளிய தள்ளாது, வண்டி தண்ணி மேல மிதக்கும். காத்து அளவு டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டின சீட்டுல இருக்கும். முழு லோடுக்கான எண்ணைப் பாருங்க, காலைல ஓட்டறதுக்கு முன்னாடி அடிங்க. மதியம் செக் பண்ணினா 4, 5 பிஎஸ்ஐ கூடக் காட்டும், அதைப் பார்த்து காத்தை இறக்கிடாதீங்க. மறுநாள் நுவரெலியா குளிர்ல அதே டயர் தொளதொளன்னு இருக்கும்.

ஸ்டெப்னி இருக்கா, அதுல காத்து இருக்கா, ஜாக்கியும் வீல் ஸ்பானரும் அந்த நட்டுக்குப் பொருந்துதான்னு ஒரு தடவை மாட்டிப் பாருங்க. சில வண்டில ஸ்டெப்னிக்குப் பதிலா பங்சர் கிட்தான் இருக்கும், அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. வைப்பர் ரப்பரை விரலால தடவுங்க, விளிம்பு கரடுமுரடா இருந்தா அங்கேயே மாத்தச் சொல்லுங்க.

இப்போ பிரேக். இந்தப் பயணத்துல உயிர் விஷயம் இதுதான், அதனால கொஞ்சம் நீளமாச் சொல்றேன். எல்ல கடல்மட்டத்துல இருந்து 1,041 மீட்டர். வெல்லவாய 200 மீட்டருக்குப் பக்கம். நடுவுல 27 கி.மீ. தான். ஆறு பேரும் பெட்டியும் சேர்ந்து வண்டி 2,200 கிலோன்னு வைங்க. 800 மீட்டர் இறங்கறப்போ வெளியேற வேண்டிய சக்தி சுமார் 17 மெகாஜூல். 50 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கற வெப்பம் அது. இன்ஜின் அதைத் தாங்கலைன்னா முழுசும் நாலு சக்கரத்து பிரேக்குக்குள்ள போகும்.

அப்போ ரெண்டு விதமாப் பிரேக் போகும். பேட் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போச்சுன்னா, பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி நிக்காது. ஆயில் கொதிச்சுதுன்னா பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், ஈரப்பதம் அதிகமான ஊர்ல இன்னும் சீக்கிரம். டாட் 3 (DOT 3) ரகப் பிரேக் ஆயிலுக்குப் புதுசுல குறைஞ்சபட்சக் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறினதும் 140. டாட் 4-க்கு 230, 155. அதனால கடைசியா பிரேக் ஆயில் எப்போ மாத்தினாங்கன்னு கேளுங்க. ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா வேற வண்டி கேளுங்க. டேங்க்ல ஆயில் கருங்காபி நிறத்துல இருந்தாலும் அப்படித்தான்.

இறங்கற முறை: இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிடணும், வேகம் பிடிச்ச பிறகு குறைக்கப் பார்த்தா லேட். அதே மேடு ஏற எந்த கியர் வேணுமோ அதே கியர்ல இறங்குங்க. ஆட்டோமேட்டிக்னா டி-யை (D) விட்டு எஸ் (S), எல் (L), பி (B, பார்க்குக்கான P இல்லை) எது இருக்கோ அதுக்கு வாங்க. இன்ஜின் 3,000, 3,500 சுத்துல உறுமும், பயப்படாதீங்க, அதுதான் வேலை செய்யுது. வேகம் 40 தொட்டா பிரேக்கை அழுத்தமா மிதிச்சு 25-க்குக் கொண்டு வந்து காலை முழுசா எடுத்துடுங்க. பெடல் மேல லேசாக் கால் வெச்சபடியே இறங்கினா டிஸ்க் ஆற இடைவெளியே கிடைக்காது. நியூட்ரல் போடவே கூடாது. இன்ஜினை நிறுத்திட்டு உருட்டினா ரெண்டு மூணு மிதியில பிரேக் பூஸ்டர் காலி, அப்புறம் முழு பலத்தோட மிதிச்சாலும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கல்லாயிடும்.

கருகின வாடை வந்தா, பெடல் வழக்கத்தை விடக் கீழ போனா, உடனே அகலமான இடத்துல ஒதுக்குங்க. பார்க் போட்டு சக்கரத்துக்குக் கல் வைங்க. சூடான டிஸ்க்ல தண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விடும். ஹேண்ட் பிரேக்கையும் இழுக்க வேண்டாம். 30 நிமிஷம் ஆறட்டும். எல்ல தாண்டினதும் ராவணன் அருவிகிட்ட எல்லாரும் எப்படியும் நிறுத்துவாங்க, அங்கே சக்கரத்துகிட்ட கையைக் கொண்டு போய்ப் பாருங்க, தொட வேண்டாம். ஒரு சாண் தள்ளியே அனல் அடிச்சா நீங்க பிரேக்ல இறங்கி வந்திருக்கீங்கன்னு அர்த்தம். மீதி இறக்கத்துக்கு ஒரு கியர் குறைங்க.

ஆறுபேர்வண்டி

ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். 14 சீட் வேனை ரத்து பண்ணிட்டோம், நோவா ஹைப்ரிட் ஒண்ணு பேசியிருக்கோம். முதல் நாள் அநுராதபுரம்னு மாத்தியாச்சு. ஹைப்ரிட்ல பேட்டரி சார்ஜ் ஆகறதே பிரேக் மாதிரிப் பிடிக்குமே, இறக்கத்துல கவலை குறையுமா? ஏறும்போது ஏதாவது பார்க்கணுமா? அப்புறம் மூடுபனி, யானை ரெண்டும் எங்களுக்குப் புதுசு.

பதில் 3: ஸ்பானர்

முதல் சில கி.மீ. பிடிக்கும். பேட்டரி நிறைஞ்சதும் அந்தப் பிடிப்பு நின்னுடும், வண்டி திடீர்னு இலேசா ஓடற மாதிரி இருக்கும். நீள இறக்கத்துல ஆரம்பத்துலயே பி (B) போட்டுடுங்க. பேட்டரி நிறைஞ்ச பிறகு இன்ஜினைச் சுத்த வெச்சு அது வேகத்தைப் பிடிக்கும், சத்தம் கூடும், பழுது இல்லை. இன்னொண்ணு, ஹைப்ரிட் பேட்டரிக்குக் காத்து போற சல்லடை உள்ளே சீட்டுப் பக்கம் இருக்கும். எங்கேன்னு கேட்டுக்கிட்டு அதை மறைச்சுப் பை அடுக்காதீங்க.

ஏறும்போது வெப்ப முள்ளு பாதியைத் தாண்டி ஏறினா ஏசியை நிறுத்துங்க, ஹீட்டரை முழுசா வைங்க, ஜன்னலைத் திறங்க. இன்ஜின் வெப்பத்துல ஒரு பங்கை அது உள்ளே இழுத்துடும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோட திறக்கவே கூடாது.

பதில் 4: மலையகவாசி

ஆகஸ்ட் என்பது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். அது மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே வறண்ட காற்றாக இறங்கும். திருகோணமலையில் கச்சான் என்ற அந்த வறண்ட காற்று அடித்து மண் பறக்கும் அதே நாளில் நுவரெலியாவில் தூறல் விடாது. எனவே உங்கள் பயணத்தில் மழைக்குப் பயப்பட வேண்டிய துண்டு கம்பளையில் இருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா வரைக்கும் உள்ளதுதான். வெலிமடை தாண்டி ஊவா மாகாணப் பக்கம் வந்தால் பெரும்பாலும் வெயில்.

கண்ணாடி மங்குவது இரண்டு வகை. உள்பக்கம் மங்கினால் ஆறு பேரின் மூச்சும் ஈர உடையும் காரணம். ஏசியைப் போட்டு, காற்றைச் சுழற்சியில் இருந்து வெளிக்காற்றுக்கு மாற்றி, முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். வெளிப்பக்கம் மங்கினால் கதை தலைகீழ். உள்ளே ஏசி அதிகம் குளிர்ந்து, வெளியே உள்ள ஈரக்காற்று கண்ணாடியில் வியர்க்கிறது. அப்போது கண்ணாடிக்குப் போகும் குளிர்காற்றைத் திருப்பிவிட்டு, வெப்பத்தைக் கூட்டி, வைப்பரை ஒருமுறை போடுங்கள். எது என்று தெரியாவிட்டால் விரலால் உள்ளே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விழவில்லையென்றால் ஈரம் வெளியேதான்.

மூடுபனிக்குள் ஹை பீம் வேண்டாம், ஒளி வெள்ளைச் சுவராகத் திரும்பி வந்து உங்கள் கண்ணைத்தான் மறைக்கும். லோ பீம், மூடுபனி விளக்கு இருந்தால் அது. நான்கு மூலை விளக்கையும் மின்னவிட்டபடி ஓடாதீர்கள், பின்னால் வருபவர் நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்று குழம்புவார். வளைவுக்கு முன் ஒரு சிறு ஹார்ன். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். பஸ் கொண்டை ஊசி வளைவில் இரண்டு தடத்தையும் எடுத்துத்தான் திரும்பும், அது முடிக்கும்வரை வளைவுக்கு வெளியே 15 மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

மழை கனத்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை தாண்டினால் கவனம், 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். செம்மஞ்சள் வந்த பிரதேசத்துக்குள் வாகனத்தோடு போகாதீர்கள், அறைப் பணம் போனால் போகட்டும். வீதியோரச் சரிவில் இருந்து தெளிந்த நீர் வருவது வழக்கம். அது திடீரென்று சேறாக மாறினாலோ, ஓடிக்கொண்டிருந்த நீர் சட்டென்று நின்றாலோ, மேலே மண் அசைகிறது. அங்கே படம் எடுக்க நிற்கக்கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, ஆம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

தரைப்பாலத்தின் மேல் நீர் ஓடினால் இறங்காதீர்கள். 30 செ.மீ. ஓட்டமே சிறிய வாகனத்தை நகர்த்தும், 60 செ.மீ. பெரும்பாலான வாகனங்களைத் தூக்கும். நீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டாம். சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

வளைவுகளில் வாந்தி வருபவர்கள் மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும். தூக்கம் தரும் மாத்திரை அது, அன்று ஓட்டுபவர் தொடக்கூடாது.

பதில் 5: ஏ9 வாசி

யானையைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் வழியில் ஹொரவப்பொத்தானை சுற்று, ஹபரணையில் இருந்து திருகோணமலை வீதி, சீகிரியா உள்வீதிகள், தனமல்வில பக்கம் எல்லாமே யானை கடக்கும் இடங்கள். ஆகஸ்டில் மின்னேரியாக் குளத்து நீர் வற்றி, கரையில் புல் முளைக்கும், அதைத் தின்ன நூற்றுக்கணக்கில் கூடும். காட்டைப் பார்க்க ஜீப்பில் போவது வேறு, வீதியில் எதிரே வருவது வேறு.

தூரத்தில் கண்டதும் 100 மீட்டருக்கு முன்பே நில்லுங்கள். இன்ஜின் ஓடட்டும், ஹார்ன் கூடாது, லைட்டை மின்ன வைக்கக் கூடாது, ஒருவரும் இறங்கக் கூடாது. ஒரு யானை கடந்தால் பின்னால் குட்டியோடு இன்னொன்று இருக்கும் என்றே வையுங்கள், இரண்டு நிமிடம் பொறுத்துத்தான் நகர வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரக் கோடு வழிந்திருந்தால் அது மதம் பிடித்த ஆண் யானை, அதைக் கடக்க நினைக்கவே வேண்டாம். காதை ஒட்டி, தும்பிக்கையைச் சுருட்டி, வாலை உயர்த்தினால் பாயப் போகிறது. வண்டியைத் திருப்ப நேரமில்லை, நேராகப் பின்னால் எடுங்கள். இதற்காகவே முன் வண்டியோடு ஒட்டி நிற்காமல் இரண்டு வண்டி நீள இடம் விட்டு நிற்க வேண்டும்.

கதிர்காமம் போக ஆசைப்பட்டுப் புத்தல வீதியை எடுக்காதீர்கள். அங்கே வாகனத்தை மறித்துப் பழம் கேட்கப் பழகிய யானைகள் உண்டு, திறந்த ஜன்னலுக்குள் தும்பிக்கை வரும். தீனி போடுவது சட்டப்படி குற்றம், அடுத்து வரும் வண்டிக்கும் ஆபத்து. வாழைக்குலை, மாம்பழம் எதையும் இருக்கைமேல் வைத்துக்கொண்டு காட்டு வீதியில் போகாதீர்கள்.

பொலிஸ் மறித்து அபராதச் சீட்டு எழுதினால் பணத்தைக் கையில் நீட்டக் கூடாது. இணையவழியில் (GovPay) கட்ட முடியாவிட்டால் தபாலகத்தில் கட்டி, ரசீதைக் காட்டி ஆவணத்தைத் திரும்ப வாங்க வேண்டும். ஞாயிறும் போயா நாளும் தபாலகம் இல்லை. எட்டாம், ஒன்பதாம் நாளில் மாட்டினால் சிக்கல், ஆகவே பாதசாரிக் கடவையில் ஆள் காலை வைத்ததும் நின்றுவிடுங்கள், அதற்கும் பிடிப்பார்கள்.

கடைசி நாளுக்கு அம்பாந்தோட்டையில் அதிவேக வீதிக்குள் ஏறுங்கள். மாத்தறை, கொட்டாவை, கடவத்தை, கெரவலப்பிட்டிய என்று ஒரே தொடராகக் கொழும்பு நகருக்குள் நுழையாமல் கட்டுநாயக்க வரைக்கும் போகலாம். வரம்பு 100. நுழைகையில் தரும் சீட்டைப் பத்திரமாக வைத்து, வெளியேறுகையில் கட்டணத்தைக் கட்டுங்கள். ஏறுவதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள், எட்டு நாள் 40இல் ஓடிய டயர் அன்றைக்குத்தான் முதல்முறையாக மணிக்கணக்கில் 100இல் ஓடப் போகிறது. வழியில் ஓய்வெடுக்க வெலிபென்னயில் இடம் உண்டு. வண்டியை ஒப்படைக்க விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பே போய்விட்டால், பெற்றோல் நிரப்பவும் கீறல் கணக்குப் பார்க்கவும் அவசரம் இருக்காது.